ரயிலுக்குக் காத்திருந்த கப்பல்கள்

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று, ஸ்கொட்லாந்தில் படிக்கும் எங்கள் பெரியும்மாவின் மகன் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் பூசிய இரண்டு புகைக்கூண்டுகளோடு ஒரு கப்பல். அதன் இரு பக்கத்திலும் தண்ணீர் நுரைத்துக் கொதித்தது. மேல்தட்டில் நூற்றுக்கணக்கானோர் பலகை ஆசனங்களில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெருநாள் வட்டிலப்பத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே உம்மும்மா மறு கையால் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"இது எந்த ஊருக்குப் போகுது மகள்?"

"எந்த ஊருக்கும் இல்ல உம்மும்மா. கரையோரமாச் சுத்திக் காட்டிட்டுத் திரும்பி வந்துடும்."

"சும்மா சுத்துறதுக்கா இவ்வளவு பெரிய கப்பல்?" என்றார். மறுபடியும் பார்த்தார். "ஆனா இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ராமானுஜத்துல இப்படித்தான் காலுக்குக் கீழ பலகை நடுங்கும்."

ராமானுஜம் யார் என்று நான் கேட்டேன். கணித மேதையைச் சொல்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஒரு கப்பலின் பெயர் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பதினேழு வருடங்களாகக் கற்பிட்டிக் கடலைப் பார்த்து வளர்ந்த ஒருத்தி இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். அந்த வெட்கத்தில் தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் காணொளியில் வந்த கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் வேவர்லி. கடலில் பயணிகளை ஏற்றிச் செல்லும் துடுப்புச் சக்கரக் கப்பல்களில் உலகிலேயே எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏ. அன்ட் ஜே. இங்கிலிஸ் என்ற கம்பனி கட்டி, 1946 ஒக்டோபர் 2ஆம் திகதி அதைத் தண்ணீரில் இறக்கியது. 1947 ஜூன் மாதம் முதல் பயணம் போனது. வேவர்லி என்பது வோல்டர் ஸ்கொட் எழுதிய ஒரு நாவலின் பெயர். அதே பெயரில் 1899இல் கட்டிய கப்பல் ஒன்று முன்பு இருந்தது. 1940 மே மாதம், இரண்டாம் உலகப் போரில், டன்கேர்க் கரையில் சிக்கிய படைவீரர்களை மீட்கப் போன இடத்தில் குண்டுபட்டு அது மூழ்கியது. அதற்குப் பதிலாகக் கட்டியதே இன்றைய வேவர்லி.

இந்தக் கப்பலைக் கட்டுவித்தது ஒரு கப்பல் கம்பனி அல்ல, ஒரு ரயில் கம்பனி என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இலண்டன் மற்றும் வடகிழக்கு ரயில்வே என்பது அதன் பெயர். அந்தக் காலத்தில் கிளாஸ்கோவின் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் கோடை விடுமுறையில் ரயிலேறிக் கிளைட் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வருவார்கள். ரயில் இறங்குதுறை வரைக்கும் வரும், அங்கே கப்பல் காத்திருக்கும். இறங்கி ஏறினால் மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். கப்பல் ரயிலின் ஒரு பெட்டியைப் போலத்தான், தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து அதன் வேலை தொடங்கும்.

இதை வாசித்தபோது உம்மும்மா ஏன் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டார் என்பது விளங்கியது. ராமானுஜமும் ரயிலுக்குக் காத்திருந்த கப்பல்தான்.

எங்கள் கரையில் நின்று வடக்கே பார்த்தால் மன்னார் தெரியாது. ஆனால் தூரம் அதிகமில்லை. மன்னார்த் தீவின் நுனியில் தலைமன்னார் இருக்கிறது. அதற்கு எதிரே இந்தியப் பக்கத்தில் தனுஷ்கோடி இருந்தது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கடல். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இந்திய ரயில் தனுஷ்கோடி வரை வந்தது, இலங்கை ரயில் தலைமன்னார்த் துறை வரை வந்தது. நடுவில் இருந்த கடலைக் கடக்கத் தென்னிந்திய ரயில்வே மூன்று நீராவிக் கப்பல்களை ஓட்டியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று அவற்றுக்குப் பெயர். மூன்றும் இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களின் பெயர்கள். பிறகு வந்த இரண்டு கப்பல்களுக்கும் இர்வின், கோஷன் என்று பிரபுக்களின் பெயர்களே கிடைத்தன. கப்பலின் பெயர் பிரபுவாக இருந்தாலும் ஏறியவர்களில் பெருந்தொகையானோர் எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த கூலித் தொழிலாளர்கள்.

ஒரே டிக்கட்டில் சென்னையிலிருந்து கொழும்புக்கு வரலாம். ரயில், கப்பல், மறுபடியும் ரயில். இதற்குப் 'போட் மெயில்' என்று பெயர். இன்றும் சென்னையிலிருந்து இராமேஸ்வரம் போகும் ரயிலொன்றை அப்படித்தான் அழைக்கிறார்கள். போவதற்கு 'போட்' எதுவும் இல்லாமலேயே அந்தப் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன் பின் கப்பல் தனுஷ்கோடிக்குப் போகவில்லை, இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அதே 1964இல் ஒக்டோபர் மாதம் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் தலைமன்னார்த் துறையில்தான் கப்பலேறினார்கள். ஒருவருக்கு அது உல்லாசப் பயணம், இன்னொருவருக்குத் திரும்பி வராத பயணம். ஒரே தட்டில் இருவரும் நின்றிருப்பார்கள்.

உம்மும்மா பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். அவர் ராமானுஜத்தில் ஏறியது 1982இல். மூத்தாப்பாவும் கூட. என் உம்மாவுக்கு அப்போது மூன்று வயது. நாகூருக்கு ஸியாரத் போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, பாதி நாட்களைச் சாரிக் கடைகளில் கழித்ததாக உம்மும்மா ஒப்புக்கொள்கிறார். போகும்போது கிராம்பும் ஏலக்காயும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டுபோனார்களாம், வரும்போது கல்யாணங்களுக்குத் தேவையான சாரிகள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, மூடுவதற்கு மூத்தாப்பா பெட்டியின் மேல் ஏறி உட்கார வேண்டியிருந்ததாம். கடல் நடுவில் உம்மா வாந்தியெடுக்க, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மலையகத்து அம்மா எலுமிச்சங்காய் ஒன்றை நறுக்கி முகர்ந்து பார்க்கக் கொடுத்தாராம். "அந்த மனிசி திரும்பிப் போறவ. அவட பெட்டியில பூட்டு இல்ல, கயிறுதான் கட்டியிருந்துச்சு" என்று உம்மும்மா சொன்னார். நாற்பது வருடங்களுக்குப் பின் அந்தக் கயிறு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

1984இல் போரினால் கப்பல் சேவை நின்றது. பிறகு தலைமன்னாருக்கு ரயிலும் இல்லாமற் போனது. 2015 மார்ச் மாதம் ரயில் திரும்ப வந்தது. கப்பல் வரவில்லை. கர்சன் முதல் ராமானுஜம் வரை ஒரு கப்பலையாவது எந்த நூதனசாலையிலும் வைத்துக் காப்பாற்றவில்லை. கடலுக்குள் நீண்டிருந்த தலைமன்னார் இறங்குதுறையின் எச்சங்கள்தான் மிச்சம்.

இப்போது வேவர்லிக்குத் திரும்புகிறேன். அதுவும் அழிந்திருக்க வேண்டிய கப்பல்தான். 1960களில் ஸ்கொட்லாந்து மக்கள் கார் வாங்கினார்கள், விமானத்தில் வெளிநாடு போனார்கள். துடுப்புச் சக்கரக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டுக் கோடையோடு வேவர்லியையும் நிறுத்திவிட்டார்கள். 1959இலேயே இப்படிப்பட்ட கப்பல்களை நேசிப்பவர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்திருந்தார்கள். 1974இல் கம்பனி வேவர்லியை அந்தச் சங்கத்துக்கு விற்றது. விலை ஒரு பவுண்.

இதைச் சொன்னபோது உம்மும்மா சிரித்தார். "கப்பலைப் போய் யாரும் ஒரு ரூவாக்கு விப்பாங்களா? வாங்கினவன்தான் மாட்டிக்கிட்டான்."

உம்மும்மா சொன்னது சரி. கரையில் கட்டிக் காட்சிப் பொருளாக வைத்திருப்பார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் சங்கத்தார் ஊர் ஊராகப் பணம் சேர்த்து, கப்பலைப் பழுதுபார்த்து, 1975 மே மாதம் மீண்டும் பயணிகளோடு ஓட்டிக் காட்டினார்கள். அன்றிலிருந்து தொண்டர்களின் உழைப்பிலும் டிக்கட் பணத்திலும் நன்கொடையிலும் அது ஓடுகிறது.

அந்தக் கப்பல் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புட்டுக் குழலின் மூடியைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். ஆவிக்கு இடம் போதாது, அதனால் தள்ளும். வேவர்லியின் கொதிகலனில் உண்டாகும் நீராவி முதலில் ஒரு சிறிய உருளைக்குள் போய் அதன் முசலத்தைத் தள்ளுகிறது. தள்ளி முடிந்தபின் ஆவியின் அமுக்கம் குறைந்துவிடும், ஆனால் தீர்ந்துவிடாது. சாதாரண இயந்திரமென்றால் அந்த ஆவியை வெளியே விட்டுவிடும். இங்கே அப்படியில்லை. மிஞ்சிய ஆவி அதைவிடப் பெரிய இரண்டாவது உருளைக்குப் போய் அங்கும் தள்ளுகிறது, பிறகு எல்லாவற்றிலும் பெரிய மூன்றாவது உருளைக்கு. ஆவி விரிய விரிய அமுக்கம் குறைகிறது. குறைந்த அமுக்கத்தில் அதே அளவு விசையைப் பெறப் பரப்பு அதிகமாக வேண்டும். அதனால்தான் உருளைகள் வரிசையாகப் பெருத்துக்கொண்டு போகின்றன. வகுப்பில் விசை என்பது அமுக்கம் பெருக்கல் பரப்பு என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறோமே, அது அங்கே எண்ணெய் மினுங்க மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. மும்முறை விரிவு இயந்திரம் என்று இதைச் சொல்லலாம். கிரீனொக் நகரத்தில் செய்த இந்த இயந்திரத்தின் வலு 2,100 குதிரைவலு. பயணிகள் நடைபாதையில் நின்றே அதைப் பார்க்கலாம். நானாவின் இரண்டாவது காணொளி முழுவதும் இதுதான்.

மூன்று முசலங்களும் சேர்ந்து ஒரே அச்சைச் சுற்றுகின்றன. அந்த அச்சின் இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு மரத் துடுப்புகள். துடுப்புகளைச் சக்கரத்தில் அசையாமல் இறுக்கிவிட்டால் அவை தண்ணீரை அறைந்துகொண்டு இறங்கி, தண்ணீரை அள்ளிக்கொண்டு ஏறும். வலு வீணாகும். அதனால் ஒவ்வொரு துடுப்பும் நீருக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் ஏறக்குறைய நேராக நிற்கும்படி கம்பிகளால் திருப்பிவிடுகிறார்கள். கையால் துடுப்பு வலிக்கும் எங்கள் களப்பு மீனவர்கள் மணிக்கட்டைத் திருப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

துடுப்புச் சக்கரத்துக்கு ஒரு நன்மை உண்டு. ஆழம் குறைந்த கரைகளுக்கும் கப்பல் போகலாம். ஒரு தீமையும் உண்டு. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுற்ற முடியாது. ஆகவே நின்ற இடத்தில் திருப்புவது கடினம், துறையில் கட்டுவதற்குக் கப்டனுக்குக் கைப்பழக்கம் வேண்டும். 1977இல் டனூன் அருகே பாறைகளில் மோதிச் சேதமடைந்தது. 2020 செப்டெம்பரில் ஆரன் தீவின் புரோடிக் இறங்குதுறையில் மோதிப் பலர் காயமடைந்தார்கள். அதுவும் பெரும்பாடுபட்டுக் கொதிகலன்கள் மாற்றி, மறுபடி ஓடத் தொடங்கி இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில்.

அந்தக் கொதிகலன் கதையில் தான் கப்பலைப் பாதுகாப்பது என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்தது. கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டத் தொடங்கியது 1667இல். அது கல். பராமரிப்பார் குறைந்தாலும் நின்றுகொண்டிருக்கும். கப்பல் அப்படியில்லை. உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்பதற்கு விடுமுறை எடுப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், மெலிந்த தகடுகளை மாற்ற வேண்டும், பயணிகளை ஏற்றலாம் என்று அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும். 2000க்கும் 2003க்கும் இடையில் வேவர்லியைப் பெரும்பாலும் புதிதாகவே கட்டியதுபோலப் புதுப்பித்தார்கள். செலவு ஏறக்குறைய 70 இலட்சம் பவுண். அதில் பெரும்பகுதி லொத்தர் பணத்தில் இயங்கும் மரபுரிமை நிதியத்திலிருந்து வந்தது. 2019இல் கொதிகலன்கள் பழுதாகி அந்த வருடம் முழுவதும் ஓடவில்லை. 23 இலட்சம் பவுண் வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். ஸ்கொட்லாந்து அரசு 10 இலட்சம் கொடுத்தது. மீதியைப் பெருமளவுக்குச் சாதாரண மக்கள் கொடுத்தார்கள். வருட முடிவுக்குள் பணம் சேர்ந்துவிட்டது. ஒரு பவுணுக்கு வாங்கியவர்கள் மாட்டிக்கொண்ட கதை இதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். தகடு புதிது, கொதிகலன் புதிது, துடுப்புப் பலகைகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. இது 1946இல் கட்டிய அதே கப்பலா? என் தோழிகளோடு இதைப் பற்றி ஓர் இடைவேளை முழுவதும் வாதாடினேன். தீரவில்லை. மாலையில் வாப்பாவிடம் கேட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கும் தோணியைக் காட்டி, "இதுல உங்க மூத்தாப்பா போட்ட பலகை ரெண்டோ மூணோதான் இருக்கும். ஆனா ஊருல எல்லாரும் இன்னும் அவர்ட தோணின்னுதானே சொல்றாங்க" என்றார். தோழிகள் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குப் போதும்.

நம் நாட்டில் கப்பலைக் காப்பாற்ற முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் அவொன்ஸ்டரைக் கடலடித் தொல்லியலாளர்கள் பல வருடங்கள் ஆய்ந்து பொருட்களை மீட்டார்கள். 2004 சுனாமி அவர்களுடைய ஆய்வுகூடத்தையே அடித்துப்போனது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, பெயரும் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அது புகழோடாவது போனது. எங்கள் பக்கத்தில், 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய இந்தக் கரையில், இன்று சுற்றுலா என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆலங்குடாவிலிருந்து டொல்பின் பார்க்கப் போகும் ஃபைபர் படகுகள். பெரிய கப்பலென்றால் நுரைச்சோலை மின்நிலையத்துக்கு நிலக்கரி கொண்டு வந்து தூரத்தில் நிற்பவை. அவற்றில் யாரும் தேநீர் குடித்துக்கொண்டு கரை பார்ப்பதில்லை.

உம்மும்மாவிடம் ராமானுஜத்தின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்ததாம். மேல்தட்டில் மூத்தாப்பா உம்மாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம், எருக்கலம்பிட்டி வீட்டு முன்மண்டபச் சுவரில் மாட்டியிருந்ததாம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எங்கள் குடும்பமும் மற்றவர்களைப் போலக் கையில் பிடித்தவற்றோடு வள்ளமேறிக் கற்பிட்டிக்கு வந்தது. உம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. சுவரில் இருந்ததைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அந்த வள்ளப் பயணத்தைப் பற்றி உம்மும்மா அதிகம் பேசமாட்டார். நானும் அன்று அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவராகவே அலுமாரியைத் திறந்து ஒரு ஷொப்பிங் பையை எடுத்தார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள் இவற்றுக்கு இடையில் ஒரு பழைய பாஸ்போட். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு முத்திரைகள். ஒன்றில் இராமேஸ்வரம், மற்றதில் தலைமன்னார். மை ஊதா நிறமாகிவிட்டது. கப்பலின் பெயர் அதில் இல்லை. எங்கள் குடும்பத்தில் ராமானுஜத்தின் பாகமாக மிஞ்சியிருப்பது இந்த இரண்டு முத்திரைகள்தான். வாப்பா அதைப் பிரதி எடுத்துத் தந்திருக்கிறார். மூலத்தை உம்மும்மா பையிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் மன்னாரிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் வீட்டிலும் ஒரு டிக்கட் துண்டு, ஒரு புகைப்படம், கப்பலில் வாங்கிய ஏதாவது ஒரு பொருள் பையொன்றின் அடியில் கிடக்கலாம். தயவுசெய்து உங்கள் மகளிடம் பிரதி ஒன்று கொடுத்தனுப்புங்கள். கல்லூரித் தமிழ் மன்றத்தில் அதற்காக ஒரு கோப்புத் திறந்திருக்கிறோம். கப்பலில் போன பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்து தந்தாலும் போதும், எழுதிக்கொள்வது எங்கள் பொறுப்பு. வேவர்லிக்குக் கேட்டதைப் போல 23 இலட்சம் பவுண் கேட்கவில்லை.

கோப்பின் முதல் பக்கத்துக்கு ராமானுஜத்தை வரைந்து வைக்க ஆசைப்பட்டேன். உம்மும்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல வரைந்தேன். ஏணி எந்தப் பக்கம், பெண்கள் அமர்ந்த இடம் எது, தண்ணீர்க் குழாய் எங்கே என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதில் நாலைந்து முறை போய் வந்தவர், அவரும் வந்து சரிபார்த்தார். இருவருக்கும் ஒத்துப்போகாத விடயம் ஒன்றே ஒன்றுதான். புகைக்கூண்டின் நிறம். உம்மும்மா மஞ்சள் என்கிறார், அவர் வெள்ளை என்கிறார், இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. யாராவது ஒருவர் படத்தோடு வரும்வரை அந்த இடத்தை நிறம் தீட்டாமல் பென்சில் கோட்டோடு விட்டிருக்கிறேன்.